நான் நிறுத்தாமல் போன நிறுத்தம்

அன்பு மகள் பவித்ராவுக்கு,

போன வாரம் போனில் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னாய். பிறகு, "அப்பா, உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?" என்று கேட்டாய். "இதுல வருத்தப்பட இன்னா இருக்குது, வந்து வேலையப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நீ எதற்காக அப்படிக் கேட்டாய் என்று புரிந்தது. புதுச்சேரியில் எந்த ஊருக்கு எந்த வண்டி போகலாம், எந்தப் பழைய வண்டி நிற்க வேண்டும் என்று திட்டம் போடுகிற அலுவலகத்தில் நீ உட்காரப் போகிறாய். இருபது வருஷத்துக்கு மேல் டீசல் டெம்போ ஓட்டியவனின் மகள் நீ. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னது தப்பு. ஆனால் போனில் பேச ஆரம்பித்தால் நீ நடுவில் பத்துக் கேள்வி கேட்பாய், நானும் கடைசியில் "சரி, சாப்டியா" என்று முடித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கப் போகிறவர்களுக்கும் இதைப் படிக்கக் கொடு. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. மறைத்த வரைக்கும் போதும்.

நம் டெம்போவை வாங்கியபோது உனக்கு இரண்டு வயது. என் அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கரும்பு வெட்டியவர்கள். எங்கள் குடும்பத்தில் சேற்றில் இறங்காமல் சம்பாதித்த முதல் ஆள் நான்தான். நம் உறுவையாறு ஊரின் உள்தெருக்களில் ஆள் ஏற்றிக்கொண்டு வில்லியனூர் போய், அங்கிருந்து திரும்பி வருவேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நடை. பள்ளிக்கூடம் விட்டதும் நீ டெம்போவில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வாய். உன் அம்மா பள்ளிச் சமையல்கூடத்து வேலை முடிந்து வீடு திரும்புகிற வரை உனக்கு அதுதான் வீடு. வீட்டுப்பாடம் எழுதுவாய், தூங்குவாய். பின் சீட்டுக்கு நேர் கீழேதான் புகைக்குழாய் இருந்தது. உன் அம்மாவுக்கே இன்றுவரை தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். நான் டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினேன். எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். கலந்தால் புகை கறுப்பாக வரும், கண் எரியும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏழு வயதில் உனக்கு இளைப்பு வந்தது. வில்லியனூர் டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். "நீங்க இன்னா வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். டிரைவர் என்றேன். அவர் என் சட்டையை ஒரு பார்வை பார்த்தார். வேறு ஒன்றும் சொல்லாமல் மருந்து எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது உன் அம்மாவிடம், "கரும்புச் சோகை கொளுத்துறாங்க இல்ல, அந்தத் தூசிதான் ஆகலையாம்" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த பொய்யை நீ கல்லூரிக்குப் போகிற வரைக்கும் காப்பாற்றினேன். வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் கரும்புத் தோட்டத்தைப் பார்த்து நானே சலித்துக்கொள்வேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் வந்தது கொம்யூன் பஞ்சாயத்துக் கூட்டம். நீ கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். அதிகாரிகள் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டினார்கள். பெரிய ரோட்டின் மேல் தடிமனாக ஒரு நீலக் கோடு. இனிமேல் பெரிய எலக்ட்ரிக் பஸ் அந்தக் கோட்டில் ஓடும், பழைய டெம்போக்கள் எல்லாம் படிப்படியாக நிறுத்தப்படும் என்றார்கள். டிரைவர்கள் முப்பது பேருக்கு மேல் போயிருந்தோம். முதலில் எழுந்து கத்தியவன் நான். "எங்க வயித்துல அடிக்காதீங்க சார். புகை புகைன்றீங்களே, இத்தினி வருஷமா யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டேன். கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது பெண்கள் வரிசையிலிருந்து நீ எழுந்தாய். "யாரும் சாகல சார். எனக்கு ஏழு வயசுலேருந்து இளைப்பு. எங்கப்பா டெம்போவுல பின் சீட்டுலதான் வளந்தேன். அந்தப் புகை போறது நல்லதுதான். ஆனா…" என்றாய். அதற்குமேல் உன்னை யாரும் பேச விடவில்லை. பக்கத்தில் இருந்த டிரைவர் குமார் என் தோளைத் தொட்டு, "இன்னாப்பா, உன் பொண்ணே இப்டி பேசுது" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டேன்.

இருபத்தொரு நாள் உன்னோடு பேசவில்லை. எத்தனை நாள் என்று இவ்வளவு சரியாகத் தெரியக் காரணம், நடுவில் மாட்டிக்கொண்ட உன் அம்மா ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருந்தாள். ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைச் சுட்டது அதுவல்ல. நீ எத்தனை வயதில் என் பொய்யைக் கண்டுபிடித்தாய், கண்டுபிடித்தும் எத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாய் என்பதுதான் என்னைச் சுட்டது. கோபத்தை விட்டால் அதை நினைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் கோபத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மகளே, பெரியவர்கள் ரொம்ப நாள் கோபமாக இருந்தால், பல நேரம் உள்ளே இப்படி ஏதாவது இருக்கும். இனி நீ வேலை பார்க்கும் இடத்தில் நிறையக் கோபத்தைப் பார்ப்பாய். அதனால் சொல்லி வைக்கிறேன்.

இருபதாம் நாள் விடிவதற்கு முன், முதல் நடைக்கு நான் வண்டியைக் கிளப்பினபோது, நம் தெரு முனை நிறுத்தத்தில் நீ ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாய். கை காட்டினாய். மற்றவர்களுக்கு நிற்பது போல நின்றேன். ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தாய். வில்லியனூரில் எல்லோரும் இறங்கிய பிறகும் நீ இறங்கவில்லை. திரும்பி வந்தோம். மறுபடியும் போனோம். சாயந்திரம் வரை ஒவ்வொரு நடையிலும் கூடவே வந்து, யார் எங்கே ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தாய். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நாம் பேசாவிட்டால் என்ன, வண்டியில் இருந்தவர்கள் உன்னோடு பேசினார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் நான் காதில் வாங்கினேன்.

முதல் நடையில் வருகிற அஞ்சலையை உனக்குத் தெரியும். டவுனில் மூன்று வீடுகளில் பாத்திரம் கழுவிப் பெருக்குகிறவள். "பெரிய பஸ்ஸு வந்தா அதுல போவியாக்கா?" என்று அவளைக் கேட்டாய். "ஏன் போவ மாட்டேன், பஸ்ஸுல சாஞ்சி உக்காந்துக்கினு போலாம். ஆனா மெயின் ரோடு வரைக்கும் என்னை யாரு கொண்டாந்து வுடுவாங்க? இந்த இருட்டுல கரும்புத் தோட்டத்து ஓரமா தனியா நடந்து வரச் சொல்றியா?" என்றாள். டிக்கெட்டை போனிலேயே எடுத்துக்கொள்ளலாமாம் என்று சொன்னாய். இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டி, "இதுல எடுக்க முடியுமான்னு கேட்டு வையி" என்றாள். வண்டியே சிரித்தது. நீ சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாய். கூட்டத்தில் நீ சொன்ன அந்த "ஆனா"வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. புகை போக வேண்டும், ஆனால் அந்த நீலக் கோடு எங்கள் தெருவுக்கு வரவில்லையே என்றுதான் கேட்க வந்திருக்கிறாய். நாங்கள் முப்பது பேரும் சேர்ந்து கத்தி அந்தக் கேள்வியை அமுக்கியிருக்கிறோம். எங்களுக்காகப் பேச எழுந்தவளையே உட்கார வைத்திருக்கிறோம்.

நீ அப்படி வண்டியில் வந்த மூன்றாம் நாள் நடந்ததை நீ இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். மாதா கோயில் நிறுத்தத்தில் சூசை அண்ணன் நின்றிருந்தார். சின்ன வயதிலேயே போலியோ வந்து கால் போனவர். இரண்டு பக்கமும் கட்டைகளை ஊன்றி நடப்பவர். வில்லியனூரில் ஒரு கடையில் மனுவும் பத்திரமும் டைப் அடிக்கிற வேலை அவருக்கு. நம் டெம்போவின் படி முழங்கால் உயரம். அவர் ஏறி உட்காருவதற்குள் பின்னால் வருகிற வண்டி முந்திக்கொண்டு அடுத்த நிறுத்தத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவர் கையைத் தூக்குவதற்கு முன்பே முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொள்வேன். பார்க்கவில்லை என்றால் நிறுத்தாமல் போனதாகக் கணக்கில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட நியாயம். அன்றைக்கும் அப்படியே திருப்பிக்கொண்டு வண்டியை விட்டேன். பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. "அப்பா, நிறுத்து."

இருபத்தொரு நாளுக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நிறுத்தினேன். நீ இறங்கி ஓடினாய். அவர் கட்டைகளை ஊன்றிக்கொண்டு உன்னோடு வந்தார். கம்பியைப் பிடித்து, உடம்பை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. நீ ஏதோ மன்னிப்புக் கேட்டாய். அவர், "பரவால்லம்மா, உங்கப்பாவுக்கு என்ன அவசரமோ. நாலு வண்டி போனா ஒண்ணு நிக்கும். எனக்கு இது பழக்கம்தான்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். வில்லியனூர் போகிற வரைக்கும் எனக்குக் கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அன்று சாயந்திரம் நீ குளிக்கப் போயிருந்தபோது உன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். உன் கையெழுத்து எனக்குப் பிடிக்கும். சூசை, மாதா கோயில் நிறுத்தம், காத்திருந்தது ஐம்பது நிமிடம், நிறுத்தாமல் போன வண்டிகள் மூன்று என்று எழுதியிருந்தாய். மூன்று இல்லை. நம் வண்டி நாலாவது. நீ கூப்பிட்டிருக்காவிட்டால் நானும் போயிருப்பேன். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதுகிறவள், அப்பனை மட்டும் விட்டுவிட்டாய். ஊர்க் கூட்டத்தில் என் புகையைப் பற்றிப் பேசத் துணிந்த பிள்ளைக்கு, இதை எழுதக் கை வரவில்லை. உன் பேனாவை எடுத்து, மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினேன். காலையில் அதைப் பார்த்திருக்கிறாய். பின் சீட்டுக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, இன்னிக்கு எத்தினி நடை?" என்று கேட்டாய். அவ்வளவுதான் நம் சண்டை. உன் அம்மா அன்றைக்கு வடை சுட்டாள்.

சூசை அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இன்னும் இரண்டு நாள் ஆனது. நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய், இனிமேல் நானே கைபிடித்து ஏற்றிவிடுகிறேன் அண்ணே என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னது என் மனதில் அப்படியே இருக்கிறது. "நீ எறங்கி வந்து ஏத்த வேணாம்பா. படியத் தாழ வையி, அது போதும். இன்னிக்கு உனக்கு மனசு இருக்குது, எறங்குற. நாளைக்கு வேற டிரைவர் வந்தா அவனும் எறங்குவானா? படி தாழ இருந்தா யாரு ஓட்டுனாலும் நானே ஏறிக்குவேன்." வில்லியனூர் பட்டறையில் கொடுத்து, கீழே இன்னொரு படியை வெல்டிங் வைத்து வாங்கினேன். அவருக்கென்று வைத்த படியில்தான் முழங்கால் வலிக்காரர்களும், மாசமான பெண்களும், தலையில் கூடை வைத்திருந்தவர்களும் ஏறினார்கள். இத்தனை வருஷம் இவர்களெல்லாம் சிரமப்பட்டுத்தான் ஏறியிருக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் என் கண்ணில் பட்டது.

உன் நோட்டை எடுத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் கொம்யூன் கூட்டத்துக்கு வந்திருந்த அந்த அதிகாரி அம்மாவைப் பார்க்கப் போனோம் இல்லையா, அன்றைக்கு நான் பாதி நம்பிக்கையோடுதான் வந்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாலு என்று திருத்தியிருந்த இடத்தில் நிறுத்தி, "இது யார் திருத்தினது?" என்று கேட்டார். "நான்தாங்க, அது என் வண்டி" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு உங்க முதல் வண்டி எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னபடி வந்தார். அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். புகையில் இருமினார். அன்று அஞ்சலை அவரிடம் பேசிய பேச்சை எந்த மனுவிலும் எழுத முடியாது. உடனே எல்லாம் மாறிவிடவில்லை. நீ படிப்பை முடித்து மேல்படிப்புக்குச் சென்னை போன பிறகுதான் திருத்திய திட்டம் வந்தது. பெரிய ரோட்டில் பெரிய பஸ். அதிலிருந்து பிரிந்து உள்ளே போகிற சின்னச் சின்னக் கோடுகளில் பேட்டரி வண்டி. இரண்டுக்கும் ஒரே டிக்கெட். கையில் காசு கொடுத்தாலும் வாங்க வேண்டும். பழைய டெம்போவை ஒப்படைக்கிறவனுக்கு அந்தச் சின்ன வண்டியில் முதல் உரிமை.

டெம்போவை ஒப்படைத்த அன்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருத்தம் ரொம்ப நாள் நிற்கவில்லை. புது வண்டியில் சத்தமே இல்லை. தெருவில் படுத்திருக்கிற ஆடுகூட எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. முதல் வாரம் அஞ்சலை என்னோடு சண்டைக்கு வந்தாள். "வண்டி வந்ததே தெரியலண்ணே. நீ வெளிய நின்னுக்கினு இருக்க, நான் உள்ள டீ குடிச்சிக்கினு இருக்கேன்" என்றாள். இப்போது தெரு முனையிலேயே மணி அடித்துக்கொண்டு போகிறேன். மத்தியானம் சார்ஜ் போடுகிற நேரத்தில் வண்டி நிற்கத்தான் வேண்டும். அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறேன், பேப்பர் முழுவதும் படிக்கிறேன். என் சட்டையைத் தனியாக ஊறப்போட்டுத் துவைத்த உன் அம்மா இப்போது எல்லாத் துணியோடும் சேர்த்துப் போடுகிறாள். சூசை அண்ணன் பெரிய பஸ்ஸில் ஏறி டவுன் வரைக்கும் தனியாகப் போய்வந்துவிட்டு, கடற்கரையில் நின்று எடுத்த போட்டோவை எனக்குக் காட்டினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீ என்னை நம்ப மாட்டாய். மழைக்காலத்தில் நம் ஊர் வளைவில் தண்ணீர் நின்றபோது பேட்டரி வண்டி இரண்டு நாள் வரவில்லை. அஞ்சலை நடந்துதான் போனாள். அதைவிடப் பெரிய குறை குமார் விஷயம். பதினைந்து வருஷம் அவன் ஓட்டிய டெம்போ அவன் பெயரில் இல்லை, முதலாளி பெயரில் இருந்தது. உரிமை முதலாளிக்குப் போனது. குமார் இப்போது ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். எதிரே வந்தால் நின்று பேசுகிறான், என் வண்டியில் மட்டும் ஏறுவதில்லை. நாம் அந்த நோட்டில் ஏறியவர்களை எழுதினோம், இறங்கியவர்களை எழுதினோம். ஓட்டுகிறவனைப் பற்றி எழுத நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நானே டிரைவராக இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. காற்று சுத்தமானது எல்லோருக்கும் நல்லதுதான், ஆனால் அதற்கான விலையைக் குமார் ஒருவனே கொடுத்திருக்கிறான். நீ போடுகிற திட்டத்தில், காகிதத்தில் பெயர் இல்லாதவனுக்கும் ஒரு வழி வைக்கப் பார்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். எனக்கு வருத்தம் இல்லை. என் மகள் அந்த நாற்காலியில் உட்காரப் போவது எனக்குச் சந்தோஷம். ஆனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நெட்டப்பாக்கம் பக்கத்து டெம்போ டிரைவர்கள் ஆறு பேர் நம் வீட்டுக்கு வந்தார்கள். அடுத்து அவர்கள் பாதைதான் திட்டத்தில் வருகிறதாம். உனக்கு வேலை கிடைத்ததை எப்படியோ தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள். அதில் மூத்தவர், "உங்க பொண்ணாண்ட ஒரு வார்த்தை சொல்லி, எங்க வண்டிங்கள மட்டும் வுட்டுடச் சொல்லுங்க" என்றார். "அப்டியெல்லாம் சொல்ல மாட்டேங்க. நான் சொன்னாலும் அது கேக்காது" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்ததும், "ஆனா ஒண்ணு. அது ஆபீஸ்ல உக்காந்துக்கினு கோடு போடாது. உங்க ஆறு வண்டியிலயும் ஏறி வந்து பாத்துட்டுதான் போடும். அதுக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வேலையில் சேருவதற்கு முன்னாடியே உன் பெயரில் வாக்குக் கொடுத்தது தப்புதான், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். அவர்கள் முதல் வண்டி காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறதாம். நம் வீட்டிலிருந்து நாலேகாலுக்கே புறப்பட வேண்டும். நான் கொண்டுபோய் விடுகிறேன். அவர்கள் உன்னைப் பார்த்துக் கத்துவார்கள், கத்தட்டும். நான் ஓரமாக நின்றுகொள்கிறேன், நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ சொல்ல வந்ததை இந்தத் தடவை முழுசாகச் சொல்லி முடி.

உன் அப்பா